பகிராமை என்னும் தகுதி

உயர் நீதிமன்றங்களுக்கு நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம், அதாவது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழு, 2022 பிப்ரவரியில் வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது, பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றையும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத மாணவி அனிதாவின் தற்கொலை பற்றிய பதிவையும் அவர் பகிர்ந்திருந்ததை மத்திய உளவுத்துறை கண்டெடுத்தது பாராட்டுக்குரியது. அவருடைய நேர்மையில் குறையில்லை என்றும் உளவுத்துறையின் அதே அறிக்கை கூறியது. நேர்மை எங்கும் கிடைக்கும், பகிராமையே அரிது. இந்த அளவுகோல் நிலைபெறுமாயின், யானைமலை அடிவாரத்து மதுரைக் கிளையில் வாதாடும் இளம் வழக்கறிஞர்கள், ஒத்தக்கடைத் தேநீர்க் கடையில் பக்கத்திலிருப்பவர் நாளிதழைக் கேட்டால் வரி விளம்பரப் பக்கத்தை மட்டும் உருவிக் கொடுக்கப் பழகிக்கொள்வர்.

2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் சத்யனின் பெயரை மீண்டும் வலியுறுத்தி, அன்று பரிந்துரைத்த வேறு சிலருக்கு முன்பாக அவரை நியமிக்கவும் கேட்டது. அன்றைய பட்டியலில் இருந்த மதுரைக் கிளை வழக்கறிஞர் எல். விக்டோரியா கௌரி, சிறுபான்மையினர் குறித்த அவருடைய பேச்சுகளைச் சுட்டிய மனுக்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிப்ரவரி 7 அன்றே பதவியேற்றார். சத்யனின் நியமனமோ அன்று வரவில்லை. சொந்தமாகப் பேசாமல் பிறர் எழுதியதைப் பகிர்ந்த சோம்பலே அவருக்குக் குறையாக நின்றிருக்கக்கூடும்.