முதல் பார்ட்டி மறுப்பியல்: சென்னை வீட்டு விற்பனையை முன்வைத்து ஓர் ஆய்வு

வீடு விற்பவர் சொல்லும் விலை எங்கிருந்து வருகிறது? ஓலைச்சுவடியில் ஓர் ஒற்றெழுத்து மிகுமா மிகாதா என்று முப்பது ஆண்டு சண்டை போட நேரமிருக்கும் நம் அறிஞர்களுக்கு இந்தக் கேள்விக்கு நேரமில்லை. ஆகவே யாமே துணிந்தோம். விலை மூவகைப்படும். அரசு வழிகாட்டி மதிப்பு: 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று கணக்குப் போடும்போது மட்டும் வாங்குபவருக்கு இதன்மேல் பக்தி பிறக்கும். வங்கி மதிப்பீடு: கடன் எவ்வளவு என்று சொல்லும், வேறொன்றும் சொல்லாது. மூன்றாவதான எதிர்வீட்டு விலையே ஆய்வுக்குரியது. “எதிர்வீடு ஒன்றரைக்குப் போச்சு” என்பது மூலபாடம். கார் நிறுத்த இடம் உண்டா, பிரிபடாத மனைப்பங்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எத்தனை வயது என்பனவெல்லாம் படியெடுக்கப் படியெடுக்க உதிர்ந்துபோயின. “ஒன்றரைக்கு மேலேயே இருக்கும்” என்பது பிற்கால இடைச்செருகல். (சான்று: வாய்மொழி, இரண்டாம் மூன்றாம் மாடிகளுக்கு இடைப்பட்ட படிக்கட்டு, தேதியில்லை, சொன்னவர் லிஃப்ட் வந்ததும் மறைந்தார், மறுக்கும் நூல் எதுவும் கிடைக்கவில்லை, தேடவுமில்லை.)

மேலைநாட்டார் இதைக் கொஞ்சம் தொட்டிருக்கிறார்கள். கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990இல் மாணவர்களிடம் காபிக் குவளைகளைக் கொடுத்துப் பார்த்து, தன் பொருளுக்கு ஒருவர் கேட்கும் விலை அடுத்தவர் தர நினைப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். தி.நகரில் ஒரு தரகரோடு அரைமணி நேரம் நின்றிருந்தால் குவளைச் செலவு மிச்சம். 1987இல் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு கேட்புவிலையைக் காட்டியபோது, தொழில்முறைத் தரகர்களின் மதிப்பீடும் அந்த எண்ணின் பின்னாலேயே போயிற்று. பெரும்பாலோர் தாம் அதைக் கணக்கில் கொள்ளவேயில்லை என்றார்கள். இந்த மறுப்பு மட்டும் எமக்குப் புதிதன்று. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளில் கேட்கக்கூடியதே.

எம் கோட்பாட்டுக்கு வருவோம். முதலில் வரும் பார்ட்டியின் விலை மறுக்கப்படுவது குறைவு என்பதால் அன்று. முதலில் வந்தது என்பதால். நிரூபணம் எளிது. பார்ட்டி குறைத்துக் கேட்டால், “நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைச்சான்?” கேட்ட விலையையே தர ஒப்பினால், “அவசரப்பட்டுக் குறைச்சுச் சொல்லிட்டோமே!” கூடுதலாகவே தருவதாகச் சொன்னால், மெட்ரோ ரயில் இந்தத் தெருவழியாகத்தான் வரப்போகிறது என்ற ரகசியம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ஏற்கத்தக்க முதல் விலை என்று ஒன்று இருக்கவே முடியாது. பணமுடை உள்ளவர் உடனே சம்மதிப்பாரே எனின், அன்று: அவரும் “வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்” என்று ஓர் இரவாவது மறுத்துவைப்பார். கோட்பாட்டுக்கு அந்த இரவு போதும்.

கணிதம் கற்றோர் வேறொரு தடை எழுப்புவர். வரிசையாய் வருவோரில் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்க, முதல் 37 சதவீதத்தினரைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும், பிறகு அவர்களை விஞ்சி வரும் முதல் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனவே முதல் பார்ட்டியைத் துரத்துவது பேதைமையன்று, நிகழ்தகவு என்பர். ஆனால் மொத்தம் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தான் 37 சதவீதம் எங்கே முடிகிறது என்று தெரியும். மார்கழியில் ஒருவரும் பத்திரம் பதிய வராத ஊரில் அது நடவாது. விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் சிறந்தவர் கிடைக்கும் வாய்ப்பு அதே 37 சதவீதத்தை ஒட்டித்தான். அதைவிடப் பெரிய குறை, திருப்பியனுப்பப்பட்டவர் மறுபடி வரமாட்டார் என்று விதி எடுத்துக்கொள்வது. சென்னையில் வருவார். வில்லங்கச் சான்று, மூலப்பத்திர நகல் எல்லாம் ஏற்கெனவே அவர் பையில் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து, ஐந்து லட்சம் குறைத்துக் கேட்பார். ஆனால் அது இப்போது முதல் விலையன்று, இரண்டாவது. ஆகவே கோட்பாட்டின்படி தாராளமாக ஏற்கலாம்.