ஒஸ்ரினுக்குக் கறன்ற்

எங்கள் வளவில் நிற்கும் ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் 1953ஆம் ஆண்டுக் கார். வீட்டில் அப்பாவுக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். இடப்பக்கக் கைகாட்டி பாதிதான் எழும்பும்; மீதிக்கு உள்ளே இருப்பவர் தூணில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். கனடாவிலிருந்து வந்த மருமகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, எஞ்சினைக் கழட்டிப்போட்டு மோட்டர் பூட்டுவம்" என்றான்.

வெளிநாட்டில் இது பெரிய கலையாம். எஞ்சினைத் தூக்கிவிட்டு, கியர்பெட்டிக்கு முன்னால் இரும்புத் தட்டு ஒன்று கடைந்து அதில் மோட்டரைப் பூட்டி, பற்றரிகளை அடுக்கினால் சரி. கேட்டுக்கொண்டிருந்த கராச் அண்ணைக்குச் சிரிப்பு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணிலும் படாமல் போனபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டு ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கியவர்கள் இவரைப்போன்ற கராச்காரர்தானே. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற, கார் புகை கக்கிக்கொண்டு ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பது, பள்ளிக்கூடத்தில் நித்திரை கொண்டவர்களுக்கும் அப்போது விளங்கிற்று.

"உங்கட கனடாக்காரர் இப்பத்தானே தொடங்கினம்?" என்றார் அண்ணை.

மருமகன் விடவில்லை, கணக்குப் போட்டான். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 யூனிற் சக்தி. முக்கால்வாசியை எஞ்சின் சூடாக்கியே தொலைத்துவிடும், மோட்டர் அப்படியல்ல. ஆனால் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று கொள்வது 1.2 யூனிற்தான், அதிலும் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். எடையோ 30 கிலோ. ஆறு வைத்தால், இரண்டு சித்தப்பாமாரைப் பின்சீற்றில் நிரந்தரமாக ஏற்றிவைத்த மாதிரி. "அப்ப பழைய லீஃப் காரின்ர லித்தியம் பற்றரி வாங்குவம்" என்றான். விலையைக் கேட்டதும் என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

நியாயத்தைச் சொல்லவேண்டும். மின்சாரக் காருக்கு யாழ்ப்பாணம்போல ஊர் கிடைக்காது. மருந்துக்கும் மலை இல்லை. பட்டணத்திலிருந்து பருத்தித்துறைக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். அதற்கு அப்பால் கடல். வெயிலுக்கும் குறைவில்லை.

2022இல் கியூஆர் காட்டி அளந்து பெற்றோல் அடித்த காலத்தில் எல்லோருக்குமே இந்த ஆசை வந்தது. அதே வருடம் மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. கூரையில் சூரியத் தகடு போட்டவர்களிலும் பலருக்கு, லைன் செத்ததும் தகடும் படுத்துவிட்டது. கராச் அண்ணை இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "பெற்றோல் இல்லாட்டி மண்ணெண்ணெயிலை ஓடும். கறன்ற் இல்லாட்டி எதிலை ஓடும் தம்பி?"

கடைசியாக அப்பா வாயைத் திறந்தார். "சத்தமில்லாமல் சந்தியாலை போனா, ஆர் திரும்பிப் பாக்கிறது?"

அதற்கு மருமகனிடம் கணக்கு இல்லை. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டர் பூட்ட விரும்புகிறவர்கள் தங்கள் காரில் பூட்டட்டும், வந்து பார்க்கிறேன். எங்கள் ஒஸ்ரின் விற்பனைக்கு இல்லை. தரகர்மார் தயவுசெய்து படலையைத் தட்டவேண்டாம்.