அமெரிக்கக் கால்பந்து ரசிகர்தம் டிராஃப்ட் வாதங்களில் சாணின் இடம்: ஓர் அறிமுக ஆய்வு

0. பாயிரம்

வட அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் இலை துளிர்ப்பதும் ரசிகர் வாய் திறப்பதும் ஒருங்கே நிகழும். இலை அக்டோபரில் உதிர்ந்துவிடும்.

என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் 32 அணிகள், கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் ஒவ்வொருவராகப் பங்கிட்டுக்கொள்ளும் சடங்கே டிராஃப்ட். போன பருவத்தில் படுதோல்வி கண்ட அணி முதலில் தேர்ந்தெடுக்கும். சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்ற அணி கடைசியில் காத்திருக்கும். சடங்கு நடக்கும் மூன்று நாளும் எவரும் பந்தைத் தொடுவதில்லை. பெயர் படிக்கிறார்கள், பையன் தொப்பி போட்டுக்கொள்கிறான், ஆணையரைக் கட்டிப்பிடிக்கிறான், அம்மா அழுகிறாள். 2024இல் டெட்ராய்ட் நகரில் இதைக் காண வந்தவர்களின் மூன்று நாள் கணக்கு 7,75,000ஐத் தாண்டியது.

இவ்வாய்வின் எல்லை ரசிகர் வாதம் மட்டுமே. ஆட்டம் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆராயும் பொருள் ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி நம் பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மூலச் சான்றுகள் ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில், ஒரு வரவேற்பறையில் திரட்டப்பட்டன. அவை இரு மரபின. சோபாவில் சாய்ந்திருந்த வீட்டுக்காரர் பெங்கால்ஸ் அணியின் ரசிகர். அவர் வழங்கியது சோபா உரை. பிட்ஸ்பர்கிலிருந்து வந்திருந்த மைத்துனர் ஸ்டீலர்ஸ் அணிக்காரர். அவர் தரையில் கால் நீட்டி அமர்ந்து வழங்கியது கம்பள மறுப்புரை. இனி இப்பெயர்களாலேயே சுட்டப்பெறும்.

1. தோற்றம்

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில், ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் நடந்தது. யோசனை ஈகிள்ஸ் அணி உரிமையாளர் பெர்ட் பெல்லுடையது. நல்ல ஆட்டக்காரர் எவரும் அவருடைய அணிக்கு வர ஒப்பவில்லை என்பதே காரணம். முதல் பெயராக அவருடைய அணி ஜே பெர்வாங்கரைத் தேர்ந்தது. அவரோ என்.எஃப்.எல்லில் ஓர் ஆட்டமும் ஆடாமல் சிகாகோவில் ஒரு ரப்பர் நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டார். ஆக, டிராஃப்டின் வரலாறு தொடங்குவதே வீணான தேர்வில்தான். ‘இவனைப் போய் எடுத்தார்களே’ என்ற புலம்பல் அன்றைக்கே எழுந்ததா என்பதற்கு அகச்சான்று இல்லை. சான்று இல்லாமையே அது கடல்கோளில் அழிந்ததற்குச் சான்று என்று கொள்வது நம் ஆய்வு மரபு. அதன்படி, எழுந்தது.

2. வாதிகள்

வாதிகள் நால்வகையர்: எண்ணர், கண்ணர், குடலர், பின்னர்.

2.1 குடலர். ‘எனக்கு என்னமோ படுது’ என்பார். உரை வேண்டா.

2.2 கண்ணர். ‘டேப் பொய் சொல்லாது’ என்பது இவர்தம் மகாவாக்கியம். டேப் என்பது கைப்பேசியில் பார்த்த ஒரு நிமிடத் துணுக்கு. அதில் பையன் தவறவிட்ட பந்துகளை வெட்டியெடுத்த புண்ணியவான் யாரென்று இவர் ஆராய்வதில்லை (சோபா உரை, வலக்கை ஓரம்).

2.3 பின்னர். நடந்த பின்னர் அறிபவர் ஆதலின் இப்பெயர் பெற்றார். 2000ஆம் ஆண்டு டாம் பிரேடி 199ஆவது பெயராகத் தேர்வானார். அவருக்கு முன், பந்தெறியும் ஆட்டக்காரர்களான குவார்ட்டர்பேக்குகள் ஆறு பேரை அணிகள் எடுத்துக்கொண்டன. அவர் ஏழு சூப்பர் பவுல் வென்றார். ‘அப்பவே சொன்னேன்’ என்று இன்று சொல்லாத ரசிகர் இலர். அப்போது யாரிடம் சொன்னார் என்று கேட்டால், கேட்டவர் இறந்துவிட்டதாகத் தெரிகிறது (சோபா உரை, வலக்கை ஓரம், ஒப்பிடுக: கம்பள மறுப்புரை, சிப்ஸ் தீர்வதற்கு முன்).

பின்னருக்கு எதிர்நிலையும் உண்டு. 1999இல் ஃபிலடெல்ஃபியா வானொலி நிலையம் ஒன்று ஒரு கூட்டத்தைத் திரட்டி, டிராஃப்ட் நடந்த நியூயார்க்குக்கு அழைத்துப்போனது. ரிக்கி வில்லியம்ஸை எடுக்காமல் டோனவன் மெக்னாபை எடுத்த தம் அணியை அரங்கம் அதிர ஊளையிடுவதே அவர்கள் ஆற்றிய தொண்டு. அந்த மெக்னாப் ஈகிள்ஸை ஐந்து முறை சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதி ஆட்டத்துக்கும் ஒரு முறை சூப்பர் பவுலுக்கும் இட்டுச்சென்றார். ஊளையிட்டவர் இன்று கிடைப்பதரிது. வில்லியம்ஸைப் பெறுவதற்காக நியூ ஆர்லீன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா அவ்வாண்டின் தம் தேர்வுகள் முழுவதையும் அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்துத் தீர்த்தார். பிறகு ஒரு பத்திரிகை அட்டையில் ஆட்டக்காரர் மணப்பெண் உடையிலும் பயிற்சியாளர் மாப்பிள்ளையாகவும் நின்றனர். வரதட்சணை யார் கொடுத்தது என்பதில் மட்டும் உரையாசிரியர்க்குள் கருத்து வேறுபாடில்லை.

2.4 எண்ணர். இவர்க்குரிய முதல் நூற்பா, இவ்வாய்வாளரே யாத்தது:

முடிவு முந்துறூஉம் எண்பின் வருமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், எண்ணர் எண்ணும் முறை உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: ஒருவனைப் பிடிக்கும் அல்லது பிடிக்காது என்பது முதலில் நிகழும், அதற்குத் தக்க புள்ளிவிவரம் அதன்பின் தேடிக் கொணரப்படும் என்றவாறு. முந்துறூஉம் என்ற அளபெடை எதற்கெனின், நூற்பா பழையது போலத் தோன்றற்கு.

எடுத்துக்காட்டு: குவார்ட்டர்பேக்கை எடைபோட 1973இல் என்.எஃப்.எல். ஏற்றுக்கொண்ட பாசர் ரேட்டிங். எறிந்த பந்துகளில் சேர்ந்தவை எத்தனை, எறிவுக்கு எத்தனை கஜம், எத்தனை டச்டவுன், எதிராளி பிடித்துக்கொண்டவை எத்தனை என்று நான்கு விகிதம். ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 2.375. நான்கையும் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். முழு மதிப்பெண் 158.3. ஏன் நூறில்லை என்று கேட்டவன் எண்ணர் குலத்தினின்று நீக்கப்படுவான்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு நயம் உண்டு. எறிந்த அத்தனை பந்தும் ஒருவர் கைக்கும் சேராமல் தரையில் விழுந்தால், எதிராளியும் பிடிக்கவில்லை என்ற ஒரே புண்ணியத்துக்காக 39.6 கிடைத்துவிடும். 1998இல் பெய்டன் மானிங்குக்கு அடுத்து இரண்டாவதாகத் தேர்வான ரையன் லீஃப், தம் முதல் பருவத்தில் பெற்றது 39.0. பருவம் முழுவதும் பந்தைப் புல்லில் போட்டிருந்தாலே இன்னும் சற்றுத் தேர்ச்சி கூடியிருக்கும் என்பது கணிதம். லீஃப் வீண் என்பதற்கு எண்ணர் இதை ஓதுவர். அதே பருவத்தில் மானிங் 28 பந்துகளை எதிராளி கையில் கொடுத்தார் என்பதை ஓதார். வேண்டாத எண்ணை விடுதலும் எண்ணுதலின்பாற்படும்.

3. சாண்

3.1 இனி நூல் நுதலிய பொருளுக்கு வருவோம். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்ற தேர்வுக்களம் கூடும். பையன்கள் நாற்பது கஜம் ஓடுவர், குதிப்பர், பளு தூக்குவர். ரசிகர் குருதி கொதிப்பது குவார்ட்டர்பேக்கின் கையை அளக்கும்போதுதான். கையை அகல விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளப்பர். அங்குலத்தில் எழுதினாலும் அளப்பது சாணையே. எனவே இவ்விளையாட்டு தமிழரிடமிருந்தே அங்கு சென்றது என நிறுவ இடமிருக்கிறது. பயணப்படி கிடைக்கும் கருத்தரங்கில் அது நிறுவப்படும்.

3.1.1 பூக்காரம்மா முழம் போடுகையில் கை சுருங்குகிறது என்று சண்டை பிடிக்கும் இல்லத்தரசியின் நுண்ணுணர்வோடு, அங்குலத்தின் அரைக்கால் பங்குவரை இங்கே வழக்காடுவர். முந்திரி வரை போகாதது அவர்தம் கல்விக்குறை.

3.1.2 2022இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து கென்னி பிக்கெட், தம் கட்டைவிரல் மூட்டு இருபுறமும் வளைவது என்று கூறி, சீனியர் பவுல் என்ற கல்லூரிக் காட்சி ஆட்டக் களத்தில் கையை அளக்கவிடவில்லை. விரல் நீட்டும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கம்பைனில் அளந்தபோது எட்டரை அங்குலம். சில வாரங்களில் கல்லூரிக் களத்தில் அளந்தபோது எட்டரையே அரைக்கால். வளர்ந்த அரைக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது? பயிற்சியால் என்பது ஒரு சாரார் கருத்து. அளவுநாடா பிட்ஸ்பர்க்கினது என்பது மறுசாரார் கருத்து (சோபா உரை, வலக்கை ஓரம், இரண்டாம் பீர், இதை இடைச்செருகல் என ஒதுக்கும் கம்பள மறுப்புரை, அதே பீர்).

இருபதாவது தேர்வாக ஸ்டீலர்ஸ் அவரை எடுத்த இரவில்தான் கம்பள மறுப்புரை பெரும் திருப்பம் கண்டது. அதற்கு முந்தைய நாள்வரை, ‘ஈரமும் குளிரும் சேர்ந்தால் சின்னக் கையில் பந்து நிற்காது’ என்பது மைத்துனரின் நிலைப்பாடு. பெயர் அறிவிக்கப்பட்ட பின், ‘கையுறை போட்டுத்தானே ஆடுகிறான், கை எதற்கு?’ என்று அது திருத்தம் பெற்றது. சோபா உரை இதற்கு நேர்மாறாகத் திரும்பியது. 2020இல் தம் அணி முதல் தேர்வாக எடுத்த ஜோ பர்ரோவின் கை சரியாக ஒன்பது அங்குலம், அதாவது ஒழுங்கான ஒரு சாண். பந்து நழுவும் என்றார்களே, ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என அவரே கேலி செய்திருந்தார். அன்று ‘கையில் என்ன இருக்கிறது’ என்ற சோபா உரை, 2022இல் ‘கையில்தானய்யா எல்லாம் இருக்கிறது’ என்றது.

3.1.2.1 சாண் விதி. ஒரு சாண் உடையார் இறுதிவரை செல்வர், வெல்லார். சான்று ஒன்று: ஒன்பது அங்குல பர்ரோ 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் 23–20 எனத் தோற்றார். சான்று இரண்டு: ஒன்பது அங்குல ஜாரட் காஃப் 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில் 13–3 எனத் தோற்றார். இரண்டு சான்று கிடைத்தால் அது விதி, மூன்று கிடைத்தால் கோட்பாடு, நான்கு கிடைத்தால் முனைவர் பட்டம்.

3.1.2.2 கால் அங்குலக் கிளைவிதி. பேட்ரிக் மஹோம்ஸின் கை ஒன்பதேகால் அங்குலம். அவர் மூன்று சூப்பர் பவுல் வென்றவர். எனவே தோல்விக்கும் கோப்பைக்கும் இடைப்பட்ட தூரம் கால் அங்குலமே என்பது வெள்ளிடைமலை. ஈண்டு ஒரு தடை எழும். 2022இல் 262ஆவது பெயராக, கடைசியிலும் கடைசியாகத் தேர்வாகி, அவ்விடத்தவர்க்கே உரிய ‘பொருட்டில்லாதவர்’ பட்டம் சுமந்த பிராக் பர்டியின் கையும் ஒன்பதேகால். அவர் 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் மஹோம்ஸிடம் தோற்றார். விதி உடைந்ததோ எனின், உடைந்திலது. இருவர் சாணும் ஒன்றாகையால்தான் அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது (பீட்சாப் பெட்டிச் சுவடி, மூடியின் உட்புறம், மேல் மடிப்பு, நான்காம் வரி, ‘கூடுதல்’ என்பதன் பின் எண்ணெய்க் கறை, ‘நேரம்’ எனக் கொண்டது சோபாப் பாடம், ‘சீஸ்’ எனக் கொண்டது கம்பளப் பாடம், சீஸ் பாடமே பழையதாகலாம் என்பது சமையலறையிலிருந்து எழுந்த, பெயரறியப்படாத பெண்பாற் குரல், மூன்று முறை, மூன்றாம் முறை உரக்க).

3.1.2.3 பிக்கெட் பின்னர் ஈகிள்ஸ் அணிக்கு மாற்று ஆட்டக்காரராகப் போய், 2025இல் சூப்பர் பவுல் வெற்றி மோதிரம் பெற்றார். எட்டரை அங்குலக் கையில் மோதிரம். இது விதிக்கு அடங்காத சான்று. இத்தகையவற்றை அடிக்குறிப்பில் இடுவது பெரியோர் வழக்கு. அங்கே யாரும் வருவதில்லை. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லாமையால் இச்சான்று நீக்கப்படுகிறது.

4. பிற

டல்லாஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு தேர்வுக்கும் விலைப் புள்ளி குறித்த அட்டவணையைப் பயன்படுத்தினார். முதல் தேர்வு 3,000 புள்ளி. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு அறிஞர் கணக்கிட்டுப் பார்த்து, முன்வரிசைத் தேர்வுகளை அணிகள் தகுதிக்கு மீறிய விலை கொடுத்து வாங்குகின்றன என்று கண்டனர். தேலர் 2017இல் பொருளியல் நோபல் பெற்றார். அணிகள் விலை கொடுப்பதை நிறுத்தவில்லை. ஓர் ஆய்வு முடிவு உலகத்தின்மீது செலுத்தக்கூடிய செல்வாக்கின் உச்சவரம்பாக இதைக் கொள்க.

டிராஃப்ட் முடிந்த மறுநாள், ஒரு நிமிடம்கூட ஆடாத பையன்களுக்கு அணிவாரியாக மதிப்பெண் தருவார்கள். நம் அகமதிப்பீட்டு முறையை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

5. மேலாய்வுக்குரிய களங்கள்

கிக்கரின் பாதம் எத்தனை விரற்கடை என்று எந்த ரசிகரும் இதுவரை வழக்காடியதாகத் தெரியவில்லை. பந்தை உதைத்து ஆட்டத்தை வெல்லும் ஒரே உறுப்பு அதுவாயிருக்க, இந்த மௌனம் ஐயத்துக்குரியது. நிதி நல்கை கோரி விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது.

சாண் பற்றிப் பேசுவோரின் சாணும் அளக்கப்படவேண்டும் என்பது ஆய்வு நெறி. இவ்வாய்வாளர் அளவுநாடாவுடன் சென்றபோது மைத்துனர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். சோபாக்காரர் மறுக்கவில்லை. விரல் நீட்டும் பயிற்சி செய்துகொண்டிருப்பதாகவும் ஒரு மாதம் கழித்து வருமாறும் கேட்டுக்கொண்டார்.