லாட் நம்பர் இல்லாத மூச்சு

போடிநாயக்கனூரில் ஒரு மூட்டை ஏலக்காய்க்குக் கிடைக்கிற மரியாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வந்ததுமே அதற்கு லாட் நம்பர் விழுந்துவிடும். சாம்பிள் பை வியாபாரிகள் கைக்குப் போகும். 8 மில்லிமீட்டர் காயா, 7 மில்லிமீட்டரா, பச்சை நிற்கிறதா வெளுத்துவிட்டதா, ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் கொட்டி, உரித்து, மோந்து, கடித்துப் பார்ப்பார்கள். ஏலம் முடிந்தால் எத்தனை லாட், எத்தனை கிலோ வரத்து, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று அன்றாடம் வாரியமே வெளியிடும். நாளைக்கு ஒரு கோளாறு என்றால் யார் போட்ட காய், யார் எடுத்த காய் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.

என் தாய்மாமன் இதே ஊரில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். ஆயுசெல்லாம் லாட் நம்பர் எழுதிய அந்த மனுஷன், இப்போது ராத்திரி மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். அந்த மிஷினுக்குள் என்ன இருக்கிறது, அது கெட்டுப்போனால் யார் வந்து சொல்வார்கள், சொல்ல நினைத்தாலும் இவர் விலாசம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், தொட்டுக் காட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இந்தத் தேசத்தில் இல்லை.

வியாதி புதுசில்லை. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை உதைத்து எழுப்பும். திரும்பவும் அடைக்கும். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் ‘கடுமை’ என்று சீட்டில் எழுதுவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் ‘நல்ல உறக்கம்’. குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நம்புகிற சமூகம் நாம். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளி, அந்த அடைப்பைத் திறந்து காட்டினார். அதன் வாரிசுதான் இன்றைய சிபாப் மிஷின். ராத்திரி முழுக்க ஒரே அழுத்தத்தில் காற்று. உறுப்பை வெட்டுவதில்லை, மாத்திரை இல்லை. ஆனால் ஒரு நாள் விட்டால் அன்றைக்கே வியாதி திரும்பி வந்து உட்காரும். ஆகவே மிஷின் பழுதானால் இன்னொன்று வாங்கித்தான் தீர வேண்டும். வாங்கப் போனால்தான் தெரிகிறது, நாம் எந்த நாட்டில் குடியிருக்கிறோம் என்று.

2021 ஜூன் 14. பிலிப்ஸ் கம்பெனி தன்னுடைய பழைய ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட மூச்சு மிஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உலகமெங்கும் 50 லட்சத்துக்கு மேல். காரணம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் பஞ்சு. அது நாளடைவில் பொடிந்து, கறுப்புத் துகளாகக் காற்றோடு சேர்ந்து மூக்குக்குள் போகலாம், கூடவே ரசாயன ஆவியும் போகலாம் என்று கம்பெனியே எழுதியது. வெக்கையும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் பஞ்சு சீக்கிரம் கெடலாம் என்றும் ஒரு வரி சேர்த்தது. கீழே போடி வெக்கை, மேலே ஏலத் தோட்டத்துச் சாரல். ஈரம் இல்லாவிட்டால் ஏலச் செடியே இந்த மலையில் நிற்காது. அந்த வரியை எழுதியவர் எங்கள் மலையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன, வந்து சொல்லியிருப்பாரா?

பஞ்சு பொடிகிறது என்ற புகார்கள் வந்துகொண்டே இருந்தன. 11 வருஷங்களில் 3,700க்கு மேற்பட்ட புகார்களைக் கம்பெனி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் காட்டாமல் வைத்திருந்தது என்பதை 2023இல் புரோபப்ளிக்காவும் பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெசட்டும் தோண்டி எடுத்தன. 2024 தொடக்கத்துக்குள் அந்தக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த புகார்கள் 1,16,000க்கு மேல். அவற்றில் 561 சாவுகள். ஒவ்வொரு சாவுக்கும் பஞ்சுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எழுதி வைக்க அங்கே ஓர் இடம் இருந்தது. செத்தவர் கணக்கில் வந்தார்.

பதிலுக்குக் கொடுத்த மிஷினின் கதை இன்னும் விசேஷம். பழைய பஞ்சுக்குப் பதில் சிலிக்கோன் பஞ்சு வைத்தார்கள். அதன் சாம்பிள் ஒன்று ஒரு பரிசோதனையில் தேறவில்லை என்று 2021 நவம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனம் சொன்னது. புதிதாக வந்த ட்ரீம்ஸ்டேஷன் 2 சூடாகிறது, புகைகிறது, தீப்பிடிக்கிறது என்று மூன்றரை மாதத்தில் 270க்கு மேல் புகார் வந்து, 2023 நவம்பரில் எச்சரிக்கை போட்டார்கள். கடைசியில் 2024 ஏப்ரலில் கோர்ட்டு உத்தரவு: குறைகளைச் சரிசெய்யும்வரை அமெரிக்காவில் புது மிஷின் விற்கக் கூடாது. நல்ல உத்தரவு. அமெரிக்காவுக்கு வெளியே? சில நிபந்தனைகளோடு விற்பனை தொடரும் என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அமெரிக்க மூக்கு வேறு, ஆண்டிபட்டி மூக்கு வேறு என்பது அறிவியல்பூர்வமாகத் தீர்மானமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காசும் அப்படித்தான் பிரிந்தது. மிஷினுக்குக் கொடுத்த விலை நஷ்டத்துக்காக மட்டும் அமெரிக்காவில் கம்பெனி ஒப்புக்கொண்ட நஷ்டஈடு குறைந்தபட்சம் 47.9 கோடி டாலர். உடம்பு கெட்டதற்கும் கண்காணிப்புக்கும் இன்னொரு 110 கோடி டாலர். போபால் விஷவாயுவில் செத்தவர், குருடானவர், நுரையீரல் வெந்தவர் அத்தனை பேருக்கும் சேர்த்து 1989இல் யூனியன் கார்பைடு கொடுத்துத் தீர்த்தது 47 கோடி டாலர். அமெரிக்கர்கள் மிஷினுக்குப் போட்ட பணத்தைவிட, போபால்காரர்களின் உயிர் 90 லட்சம் டாலர் மலிவு.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டத்துக்கு என்றைக்கும் இங்கே பஞ்சமில்லை. 2017இலேயே மருத்துவக் கருவி விதிகள் வந்துவிட்டன. பழுதான கருவியைத் திரும்பப் பெறவும் அதில் விதி உண்டு. கருவியால் கெடுதல் நேர்ந்தால் பதிந்துகொள்ள 2015இலேயே ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, காசியாபாத்தில் உட்கார்ந்திருக்கிறது. போடியில் எத்தனை மருந்துக் கடைக்காரருக்கு அதன் பெயர் தெரியும் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் அது பொருத்தப்பட்ட ஆபரேஷன்கள் சுமார் 4,700. பின்னால் அரசாங்கத்தின் கமிட்டி தேடியபோது கையில் கிடைத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். மற்றவர்களைக் காணோம். எலும்புக்குள் திருகி வைத்த உலோகத்துக்கே விலாசம் கிடையாது. மேசையில் வைக்கிற டப்பாவுக்கா இருக்கப் போகிறது?

ஏலக்காயைத் தேடிப் பிடித்தார்களே, அதைப் பாருங்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிமருந்து வரம்புக்கு மேல் இருக்கிறது என்று கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சம் டப்பாவுக்கு மேல் அப்படியே முடங்கியது. அடுத்த வருஷம் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு கதை. வருஷத்துக்கு ஒரு ஸ்பூன் பிரசாதத்தில் விழுகிற ஏலக்காய்க்கு ஆய்வகம், அறிக்கை, இரண்டு நீதிமன்றம். தினம் ஏழு மணி நேரம் நெஞ்சுக்குள் இழுக்கிற காற்றுக்கு ஒரு பயலும் இல்லை.

மாமாவின் மிஷின் மேலே சொன்ன கம்பெனியுடையது அல்ல, வேறொன்று. ஆறு வருஷம் உழைத்துவிட்டு, ராத்திரியில் விசில் அடிக்க ஆரம்பித்தது. மதுரையில் வாங்கிய கடைக்கே போனோம். மிஷின்களை டீவி மாதிரி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் மாதத் தவணை எவ்வளவு என்று அட்டை குத்தியிருந்தார்கள். முப்பதாயிரத்தில் ஆரம்பித்து எழுபதாயிரத்துக்கு மேலும் போனது. விற்பனைப் பையன் தங்கமானவன். மாமா கேட்டார்: “தம்பி, இதுல எதையாச்சும் எங்கயாச்சும் திரும்ப வாங்கிருக்காங்களா?”

“அதெல்லாம் ஃபாரின் மாடல் சார். நமக்கு வர்றது வேற.”

“அப்ப இது எங்க செஞ்சது?”

டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். “ஃபாரின்தான் சார்.”

கேட்க வேண்டிய கேள்விகளை நாங்களேதான் கேட்டோம். தோட்டத்தில் மகன் வீட்டுக்குப் போனால் போடிமெட்டுக்கு மேலே தங்க வேண்டும். அந்த உயரத்தில் காற்று லேசு, அழுத்தத்தை மிஷின் தானே சரிசெய்துகொள்ளுமா? மழைக் காலத்தில் கம்பியில் மரம் விழுந்தால் ராத்திரி முழுக்கக் கரெண்டு வராது. பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடும்? தண்ணீரைச் சூடாக்குகிற பகுதியை அணைத்துவிட்டால் கூடுதலாக ஓடுமே, அந்தக் கணக்கு என்ன? வீட்டு இன்வெர்ட்டரில் போட்டால் மிஷினின் அடாப்டர் தாங்குமா? உள்ளே பஞ்சு இருக்கிறதா, எதில் செய்தது? இதற்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றே: “சார், இதுல ஆப் இருக்கு. நீங்க எப்படித் தூங்கினீங்கன்னு போன்லயே பாத்துக்கலாம்.”

மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாமா என்றால், சீல் பிரித்தால் ரிட்டன் கிடையாதாம். வைத்தியத்தில் பாதி மாஸ்க்தான். அது முகத்தில் ஒட்டாமல் காற்று கசிந்தால் லட்ச ரூபாய் மிஷினும் வீண். செருப்பைக்கூட நடந்து பார்த்து வாங்குகிற ஊரில், மூச்சைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும். கசிவதற்குக் காரணம் மீசை என்று கண்டுபிடித்த பையன், “எடுத்துருங்க சார், சீல் சூப்பரா உக்காரும்” என்றான். தேனி ஜில்லாவில் நாற்பது வருஷ மீசையைப் பார்த்து இப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். மாமா அவனை ஒன்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு விலைப்பட்டியலைப் பார்த்தார்.

அந்த விலைக்கு வருவோம். 2021 ஜூலையில், அந்தப் பஞ்சு விவகாரம் வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், மத்திய விலை நிர்ணய ஆணையம் ஐந்து கருவிகளுக்கு லாப வரம்பு போட்டது: ஆக்சிமீட்டர், பிரஷர் கருவி, நெபுலைசர், தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி. காய்ச்சலை அளக்கிற கருவிக்கு வரம்பு வந்தது. மூச்சைக் காப்பாற்றுகிற மிஷின் அந்த ஐந்தில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டலாமா? ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் அந்த அட்டைக்கு உயிர் வரும். இந்த வியாதிக்காரன் செய்த குற்றம், வீட்டில் படுக்கிறான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம், கும்பிடுகிறேன். அந்தப் பிரஷர் மருந்துக்கு அடங்காமல் நிற்பதற்கு ராத்திரி மூச்சு நிற்பதும் ஒரு காரணம். மாத்திரை கொடுக்கிற அம்மா, “குறட்டை உண்டாய்யா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அந்தக் கேள்வி அவர் கையிலிருக்கிற படிவத்தில் அச்சாகி வந்தால் கேட்பார்.

படிவம் என்றதும் டிரைவிங் லைசென்ஸ் ஞாபகம் வருகிறது. வலிப்பு உண்டா, மயக்கம் உண்டா, மாலைக்கண் உண்டா என்று அது கேட்கிறது. பகலில் உட்கார்ந்த இடத்தில் தலை சாய்கிறதா என்று கேட்பதில்லை. தினம் விடிகாலையில் போடியிலிருந்து காய் எடுக்கப் போகிற பெண்களை அள்ளித் திணித்துக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாசம். ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிறவர் முந்தின ராத்திரி நூறு தடவை மூச்சு நின்று எழுந்தவராக இருக்கலாம். பள்ளத்தில் விழுந்தால் பத்திரிகையில் ‘தூக்கக் கலக்கம்’ என்று ஒரு வார்த்தை போடுவார்கள். வார்த்தை போட்டதும் விசாரணை முடிந்துவிடும்.

மதுரைக் கடையில் மாமா கடைசியாக நடுவிலை மிஷின் ஒன்றைக் காட்டினார். பேட்டரி தனி, மாஸ்க் தனி, பில்ட்டர் தனி. கூட்டிப் பார்த்தால் அவருடைய பென்ஷன் சேமிப்பில் பாதி. பழைய மிஷினைக் கொடுத்தால் ஐயாயிரம் தள்ளுபடி என்றான் பையன். விசில் அடிக்கிற, ஆறு வருஷம் ஒருத்தர் மூச்சு ஓடிய, உள்ளே என்ன பொடிந்திருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்காத மிஷின்.

“இதை வச்சு என்னய்யா பண்ணுவீங்க?” என்றார் மாமா.

“சர்வீஸ் பண்ணி, தொடச்சு, பாதி விலைக்குக் குடுத்துருவோம் சார். புதுசு வாங்க முடியாதவங்க எவ்வளவோ பேர் வர்றாங்க.”

“யாருக்குக் குடுத்தோம்னு எழுதி வப்பீங்களா?”

பையன் சிரித்தான். மாமா ஐயாயிரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழைய மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். முழு விலைக்குப் பில் போடச் சொன்னார். பில்லில் மிஷினின் சீரியல் நம்பர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டப்பாவைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்து, கடைக்காரப் பிரதி, நம் பிரதி இரண்டிலும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்.