ஆச்சி மனோரமாவைப் பற்றிச் சில கேள்விகள்

கே: கதாநாயகியாக நிலைக்கவில்லையே என்ற குறை மனோரமாவுக்கு இருந்திருக்காதா? (மதுரை வாசகி)

ப: நாடக மேடையில் கதாநாயகியாகப் பெயரெடுத்திருந்த அவரை, 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேஷத்துக்கு அழைத்தபோது அவர் தயங்கியதும், கதாநாயகிக்குச் சில வருஷங்களே வாழ்வு, சிரிக்கவைப்பவளுக்கோ ஆயுள் முழுவதும் வேலையுண்டு என்ற கருத்தைச் சொல்லிக் கவிஞர் கண்ணதாசன் தேற்றியதும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்த விஷயங்கள். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகமே எழுதிக்கொண்ட பிறகு, கவிஞரின் ஜோசியத்தில் பிழை காண யாருக்கு வாய் வரும்?

கே: நடிப்பை எந்தக் கலாசாலையில் பயின்றார்? (தஞ்சை மாணவர்)

ப: பள்ளத்தூரில். 1937-இல் மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, தாயுடன் செட்டிநாட்டுக்கு வந்து, வறுமையினால் படிப்பு நின்றுபோய், பன்னிரண்டு வயதில் மேடையேறிய அந்தச் சிறுமிக்கு, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் காதிலும் வசனம் தெளிவாக விழவேண்டும் என்ற நாடகக் கொட்டகையின் நியதியே முதல் பாடம். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு அவருக்கு மேற்படிப்பாயிற்று. ‘அனுபவி ராஜா அனுபவி’யின் தூத்துக்குடிப் பேச்சும், ‘பொம்மலாட்ட’த்தில் அவர் பாடிய சென்னைப் பாஷையும் இந்தச் செவிப் பயிற்சியின் பலன்களே.

கே: ஜில் ஜில் ரமாமணியை இன்றும் மறக்க முடியவில்லையே, ஏன்? (திருச்சி வாசகர்)

ப: சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மகாரதர்கள் நிறைந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில், சில காட்சிகளுக்கு மட்டுமே வந்துபோகும் ஒரு நாடகக்காரி, அத்தனை பேருக்கும் சமமாக நம் ஞாபகத்தில் இடம்பிடித்துக்கொண்டாள் என்றால், அதற்குக் காரணம் அந்தக் குரலும் குழைவும் மட்டுமல்ல, தான் வேடிக்கையானவள் என்பது ரமாமணிக்குத் தெரியவே தெரியாது என்பதுதான். அவள் கதாநாயகனான நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தின் வித்தையை மெய்யாகவே வணங்குகிறாள். தன் சிறிய கலையையும் மெய்யாகவே மதிக்கிறாள். தாம் கடந்துவந்த கொட்டகை வாழ்க்கையின் வெள்ளந்தித்தனத்தை மனோரமா பரிகசித்திருந்தால் நாம் ஒருமுறை சிரித்துவிட்டு எழுந்து போயிருப்போம். அவர் அதை நேசித்தார், ஆகவே நாமும் அவளை நேசிக்கிறோம். கோமாளித்தனத்துக்கும் ஹாஸ்யத்துக்கும் உள்ள தூரம் இதுதான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

கே: ஐந்து முதல்வர்களுடன் நடித்தவராமே? (சேலம் வாசகர்)

ப: மெய்தான். மேடையில் அண்ணாவும் கலைஞரும், திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ். மந்திரிசபைகள் மாறின, ஆச்சிக்கு மட்டும் எல்லா ஆட்சியிலும் இலாகா இருந்தது.

கே: சிரிக்கவைத்தவருக்கு அழவைக்கவும் தெரியுமா? (நெல்லை வாசகி)

ப: ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, பெரியவர்களின் பிடிவாதத்தைத் தம் சாமர்த்தியத்தால் கரைத்தபோது, சிரிப்பும் கண்ணீரும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடும் என்று காட்டினார். 1989-இல் வெளியான ‘புதிய பாதை’ அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. பத்மஸ்ரீ 2002-இல்தான் வந்தது. அதை இருபது வருஷம் முன்னதாகவே அளித்திருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.