வழுக்கையாற்று வீரன்

மெல்பேர்ண்,
மார்கழி 2.

அன்புள்ள மச்சான்,

நான் சுகம், இடுப்பும் ரெண்டு தோளும் தவிர. அதுகள் போன கிழமை ஸ்னோவி ஆற்றிலை கழண்டது, இன்னும் வந்து சேரேல்லை.

பிழை என்ரை வாயிலைதான். ஒபிசிலை ஒரு வெள்ளைக்காரன், லீவு கிடைச்சால் கார்க் கூரையிலை வள்ளத்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்கை ஓடுற ஆள். "உன்ரை ஊரிலை ஆறு இருக்கோ?" எண்டு கேட்டான். இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை. "வீட்டுக்குக் கிட்டவே ஓடுது" எண்டிட்டன். வழுக்கையாறு மாரிக்கு மட்டும்தான் ஓடும், மிச்ச நாளிலை நாங்கள் அதுக்கை கிரிக்கெட் விளையாடுவம் எண்டதை அவனும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. ஆற்றங்கரைப் பிள்ளை, துடுப்புப் போடத் தெரியாமலோ இருக்கும் எண்டு அவனே தீர்மானிச்சு, என்னையும் ஸ்னோவி ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டான்.

ஸ்னோவி ரிவர் தேசியப் பூங்கா எண்டால் நீ நல்லூர்ப் பூங்கா மாதிரி ஊஞ்சலும் வாங்கும் எண்டு நினைக்காதை. பக்கன் எண்ட ஊர் மட்டும் 350 கிலோமீற்றர், நல்ல தார் ரோட்டு. அதுக்கங்காலை மலை. கடைசித் துண்டு கிறவல். ஒரு பக்கம் மலைச் சுவர், மற்றப் பக்கம் ஒண்டுமில்லை. கட்டு இல்லை, வேலி இல்லை, ஒரு கதியால்கூட இல்லை. எதிரை வாகனம் வந்தால் ஆரோ ஒராள் றிவேர்ஸிலை போகவேணும். அது எப்பவும் நாங்களாத்தான் இருந்தது. ஒரு வளைவிலை சந்நிதி முருகனுக்கு அன்னதானம் நேர்ந்திட்டன். அம்மாவிட்டைச் சொல்லாமல் அதை நீயே செய்விச்சுவிடு, காசு அனுப்பிறன்.

கீழை மக்கிலப்ஸ் பாலம். 255 மீற்றர் நீளம். 1934 தை மாசம், திறக்க முன்னமே வெள்ளம் வந்து மேல்பாலத்தை அள்ளிக்கொண்டு போயிட்டுதாம். பிறகு தூண்களை உயர்த்திக் கட்டி 1935இலை திறந்தவை. நான் எட்டிப் பாத்தன். மணல்திட்டு, கல்லு, நடுவிலை தண்ணி. "இந்த ஆறோ பாலத்தைத் தூக்கினது?" எண்டு கேட்டன்.

அவன்ரை முகம் செத்துப்போச்சு. 1967இலை மேலை ஜிண்டபைனிலை அணை கட்டி, அந்த இடத்திலை வாற தண்ணியிலை நூற்றுக்கு 99 பங்கை மின்சாரத்துக்கும் வயலுக்கும் எண்டு மலைக்கு மேற்கை திருப்பிவிட்டவையாம். வழியிலை வந்து விழுற கிளையாறுகளாலைதான் இது உயிர் தப்பினது. சனம் வருசக்கணக்காச் சண்டை பிடிச்சு, 2002இலையிருந்து கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி விடுகினம். அட, இதுவும் எங்கடை வழுக்கையாற்றுக்குச் சொந்தம்தான் எண்டு எனக்குள்ளை ஒரு தைரியம் வந்துது.

வள்ளத்திலை ஏறுமட்டும்தான். என்னை முன்னுக்கு இருத்தினான். கல்லுக்குள்ளாலை தண்ணி இரைஞ்சு இறங்கிற இடத்திலை பின்னாலையிருந்து "இடது! இடது!" எண்டு கத்தினான். நானும் இடப்பக்கம் உயிரைக் குடுத்து வலிச்சன். இடப்பக்கம் வலிச்சால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும் எண்டதை ஒரு மனுசனும் எனக்குச் சொல்லேல்லை, மச்சான். கல்லு வந்துது. வள்ளம் நிண்டுது. நான் நிக்கேல்லை.

கொசியஸ்கோ மலையடியிலை பிறந்து வாற தண்ணி, அந்தக் குளிரை எழுத்திலை எழுதேலாது. கந்தா, கதிர்வேலா எண்டு குழறினன். "எழும்பி நில்லு" எண்டான். எழும்பினன். முழங்காலளவு தண்ணி.

இந்த ஆற்று மனுசனைப் பற்றி பற்றர்சன் எண்ட கவிஞர் 1890இலை பாட்டு எழுதினவர். பத்து டொலர்த் தாளிலை அவற்றை முகம் இருக்கு. அந்த வீரன்கூடக் குதிரையிலைதான் போறான், வள்ளத்திலை இல்லை. விசயம் தெரிஞ்ச கவிஞர்.

அடுத்த நாள் "புஷ்வோக்கிங்". மாடு தேடாமல், விறகு பொறுக்காமல் காட்டுக்கை சும்மா நடக்கிறதுக்கு இஞ்சை அப்பிடிப் பேர். பழைய வெள்ளிச் சுரங்கப் பாதை, 15 கிலோமீற்றருக்கு மேலை. ஏற்றத்திலை நாக்கு வெளியிலை வந்துது. வெள்ளி ஒரு துண்டும் கண்ணிலை படேல்லை. திரும்பி வந்தால், ஒன்றரை மீற்றர் உடும்பு ஒண்டு என்ரை புட்டுப் பார்சலைப் பிரிச்சுவைச்சுச் சாப்பிடுது. ஊரிலை உடும்பைக் கண்டால் நாங்கள் சட்டி தேடுவம். இஞ்சை அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. நான் பாதுகாப்பான தூரத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். இடிச்ச சம்பலையும் விடேல்லை. பிறகு அது ஆற்றடிக்கு ஓடின ஓட்டத்தைக் கண்டு மனசு கொஞ்சம் ஆறிச்சுது.

இனித்தான் விசயம். அவனுக்கு என்னோடை வந்தது நல்லாப் பிடிச்சுப்போச்சு. வாற வருசம் இலங்கைக்கு வந்து எங்கடை ஆற்றிலையும் வள்ளம் விடவேணுமாம். மார்கழியிலை வா, மற்ற மாசங்களிலை அங்கை தண்ணி சரியான வேகம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீ அராலிப் பக்கம் ஒரு சின்ன வள்ளத்துக்கு இப்பவே சொல்லி வை. கிரிக்கெட் பிட்ச்சையும் ஒருக்காக் கொத்திவிடு.

இப்படிக்கு,
உன்ரை மச்சான்