பாட்டன் சொத்து பல்லாவரத்தில்!

கேள்வி: அயர்லாந்து போன என் நண்பர், கோட்டையையும் கொள்ளுத்தாத்தா ஊரையும் ஒரே நாளில் பார்த்தாராம். தாம்பரத்துக்காரன் நான் எங்கே போக?
– ஒரு வாசகர், மேற்குத் தாம்பரம்

பதில்: மின்சார ரயிலேறுங்கள். திருசூலத்தில் சோழர் காலச் சிவன் கோயில். பரங்கிமலையில் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் கட்டித்தந்த படிக்கட்டு. இவையெல்லாம் நேற்று வந்தவை! பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தாரே, பழைய கற்காலக் கோடாரி... அதுதான் அசல் பூர்வீகச் சொத்து. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக்கு வயது 5,000 சொச்சம்தான். நம்முடையது லட்சத்தில் போகும். அதைப் பிடித்திருந்தது உங்கள் பாட்டனா, என் பாட்டனா என்று மட்டும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிடாதீர்கள். தீர்ப்பு வர இன்னொரு கற்காலம் ஆகும்! கோடாரி தேடிப் பல்லாவரத்தில் பள்ளமும் தோண்ட வேண்டாம். ஃபூட் சேகரித்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எப்போதோ போய்விட்டன.